ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது என்ற சகோதரிக்கு

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. அவருடைய வேலையும் போய்விட்டது. விடாமல் ஜெபித்தும் ஒன்றும் மாறவில்லை. சபையில் சிலர், உங்களுக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் பதில் வரவில்லை என்கிறார்கள். "கஷ்டகாலத்தில் கர்த்தரை எப்படி நம்புவது? விசுவாசத்தை எப்படி வாழ்ந்து காட்டுவது?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இப்போதெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது."

முதல் கேள்விக்குப் பதிலாக எத்தனையோ பிரசங்கங்களை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரி என்று நினைக்கிறேன். இந்தக் கோபத்தோடு நான் இன்னும் விசுவாசிதானா என்று கேட்கிறீர்கள். ஆம், விசுவாசிதான். அதை எந்தத் தைரியத்தில் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவன். 22 வருடம் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் போதகராக இருந்தேன். டயாலிசிஸ் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலிகள் எனக்குப் பழக்கம். உள்ளே நான்கு மணி நேரம் இயந்திரம் ஓட, வெளியே மடியில் பையோடு உட்கார்ந்திருக்கும் மனைவிமாரையும் தெரியும். போகும்போது எத்தனை கிலோ, வரும்போது எத்தனை கிலோ என்று எழுதிய ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் அந்தப் பையில் இருக்கும்.

கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். வேதாகமத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று நேருக்கு நேரான கேள்வி. 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. பெரும்பாலான புலம்பல்கள் முடிவில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதே இல்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். எந்த ஆராதனையிலும் யாரும் இதை வாசிக்கக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் தலைப்பைப் பாருங்கள், இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்றிருக்கும். அதாவது ஒருவர் தனியாக அழுதுவிட்டு மறைத்து வைத்ததல்ல, சபையாகப் பாடக் கொடுத்தது. சிலுவையில் இயேசு கதறியதும் ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரியைத்தான், 22ஆம் சங்கீதம்: ஏன் என்னைக் கைவிட்டீர்? அவரே கேட்ட கேள்வியை நீங்கள் கேட்பது பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முறுமுறுக்கக் கூடாது என்று வேதம் சொல்கிறதே என்று கேட்பீர்கள். சொல்கிறதுதான். ஆனால் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எங்கே முறுமுறுத்தார்கள் என்று உபாகமம் முதல் அதிகாரத்தில் பாருங்கள்: தங்கள் கூடாரங்களுக்குள். கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று தங்களுக்குள் முடிவுகட்டிவிட்டு, அவரை விட்டுத் திரும்பி நின்று பேசினார்கள். சங்கீதக்காரன் அதே அளவு கசப்போடு அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். நீங்கள் ஜெபிக்க உட்கார்ந்த பிறகுதான் கோபம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உட்காருகிறீர்கள் அல்லவா? முற்றிலும் விட்டுவிட்டவர்களுக்கு அந்தக் கோபம்கூட வருவதில்லை. அவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை.

சரி, விசுவாசக் குறைவு விஷயத்துக்கு வருகிறேன். அப்படிச் சொல்கிறவர்களிடமும் வசனம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நாசரேத்தில் அவ்வூராருடைய அவிசுவாசத்தினால் இயேசு அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். குணமானவர்களிடம் உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று அவர் சொன்னதும் உண்மை. ஆனால் உதவி கேட்டு வந்த ஒரு நோயாளியிடம் "உன் விசுவாசம் போதவில்லை, போ" என்று அவர் திருப்பி அனுப்பிய ஒரு சம்பவம்கூட நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. சந்திரரோகியான பையனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சீஷர்களால் அவனைக் குணமாக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டபோது, உங்கள் அவிசுவாசத்தினால்தான் என்று சொல்லப்பட்டது யாருக்கு? ஜெபிக்கப் போன சீஷர்களுக்கு. பையனுக்கோ அவன் தகப்பனுக்கோ அல்ல. அந்தத் தகப்பன் சொன்னதெல்லாம், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்ற பாதியும் பாதியுமான ஒரு வார்த்தைதான். அது போதுமாக இருந்தது. ஆகவே உங்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு விசுவாசக் கணக்குப் பார்க்கிறவர்கள், அந்த வசனத்தின்படி முதலில் தங்கள் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். இதை அவர்களிடம் சொல்லச் சொல்லவில்லை. உங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, என் கிருபை உனக்குப்போதும் என்ற பதில்தான் வந்தது. தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஏன் குணமாகவில்லை என்று ஒரு விளக்கமும் கிடையாது, விட்டுவந்தேன், அவ்வளவுதான். அந்த ஒற்றை வரி எனக்குப் பெரிய ஆறுதல். அப்போஸ்தலனுக்குக்கூடச் சுகமாகாத ஒரு நண்பன் இருந்தான்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். ஊழியத்துக்கு வந்த புதிதில், குழந்தைகள் பிரிவில் ஒரு தாயிடம் போய், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28ஐ எடுத்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் காலடியில் கிடந்த போர்வையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். நான் வெளியே போகும்வரை தலை நிமிரவே இல்லை. வசனம் பொய்யல்ல. ஆனால் அது அவர் சொல்ல வேண்டிய வசனம், அதுவும் எப்போதாவது, அவருக்கே வாயில் வந்தால். நான் சொல்லியிருக்கக் கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ராப்பகலாக ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர், யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களைத்தான் கண்டித்தார். பிறந்த நாளைச் சபித்த யோபுவுக்கு நற்சான்றிதழ், தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்குக் கண்டனம். இதை ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வசனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாங்க முடியாததைத் தேவன் தரமாட்டார் என்று உங்களிடம் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். 1 கொரிந்தியர் 10:13, திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட இடங்கொடார். தமிழில் சோதனை என்றால் கஷ்டமும் உண்டு, பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலும் உண்டு. கிரேக்கச் சொல்லிலும் இதே இரட்டை அர்த்தம்தான். ஆனால் அந்த அதிகாரம் முழுவதும் பேசுவது விக்கிரகாராதனையையும் இச்சையையும் பற்றி, அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள் என்கிறது. பாடுகளின் எடையைப் பற்றிப் பவுல் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமானால் அதே கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்துக்குப் போங்கள். எங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். ஆகவே "என்னால் தாங்க முடியவில்லை" என்று நீங்கள் சொன்னால் அது விசுவாசக் குறைவு ஆகாது, பவுல் எழுதியதையே நீங்களும் சொல்கிறீர்கள். எரேமியா 29:11க்கும் இதே கதி. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்பதை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டுகிறோம். அதற்கு முந்தைய வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியா என்ற தீர்க்கதரிசிதான் அந்நாளில் ஜனங்களுக்குப் பிடித்தமானவனாக இருந்திருப்பான். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று எழுதினார். நோய் இருக்கும்போதே வாழ்வதற்கு அந்தக் கடிதத்தில் இடம் இருக்கிறது.

அப்படியானால் விசுவாசம் என்பது என்ன? நமக்கு அது ஒரு உணர்வாகிப்போய்விட்டது. மனதுக்குள் ஒரு தெம்பு, ஒரு சூடு. அது இருந்தால் விசுவாசம் இருக்கிறது, ஆறிப்போனால் இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். நீதிமான் விசுவாசத்தினால் பிழைப்பான் என்று ஆபகூக் சொல்லும் இடத்தில் இருக்கும் எபிரெயச் சொல் எமூனா. நிலையாக நிற்பது, உறுதியாக இருப்பது என்பது அதன் பொருள். இதே சொல் வரும் இன்னொரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது. யாத்திராகமம் 17. அமலேக்கோடு யுத்தம். மலையுச்சியில் மோசே கைகளை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேல் மேற்கொள்ளும், கை தாழ்ந்தால் அமலேக்கு மேற்கொள்ளும். மோசேக்குக் கை அசந்துவிட்டது. எண்பது வயதைத் தாண்டிய மனிதர், அசராமல் என்ன செய்யும். ஒரு கல்லை உருட்டி வந்து அவரை உட்காரவைத்தார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவன் மறுபக்கம் கைகளைத் தாங்கினார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அவன் கைகள் ஒரே நிலையாயிருந்தது என்று தமிழில் வாசிக்கிறோமே, அந்த "நிலை"தான் மூலத்தில் எமூனா. அந்த மாலையில் மோசேயின் கைகளை நிலையாக வைத்தது மோசேயின் பலமல்ல. ஒரு கல்லும் இரண்டு பேரும்.

இதை நான் வகுப்பில் படித்தபோது வெறும் சொல்லாராய்ச்சியாகத்தான் இருந்தது. என் தம்பி இறந்த வருடம்தான் புரிந்தது. ஆராதனையில் எல்லோரும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்வார்கள். நான் "உம்முடைய ராஜ்யம் வருவதாக" வரை வருவேன். அடுத்த வரி சித்தத்தைப் பற்றியது, அதைச் சொல்ல நாக்கு எழும்பாது. போதகன், முன்வரிசையில் நிற்கிறேன், வாய் மூடிக்கிடக்கிறது. மாதக்கணக்கில் இப்படி. எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நிற்பார். கவனித்திருக்கிறார் போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரி வந்தபோது என் பக்கம் கொஞ்சம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி அதைச் சத்தமாகச் சொன்னார். அடுத்த வாரமும் அப்படியே. விசாரிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, எனக்குப் பதிலாக அந்த ஒரு வரியைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த ஜெபம் "என் பிதாவே" என்று தொடங்காமல் "எங்கள் பிதாவே" என்று தொடங்குவதை அப்போதுதான் கவனித்தேன்.

உணர்வு வரவே வராமல் போனால் என்று கேட்பீர்கள். வராமலும் போகலாம். அன்னை தெரசா 1997இல் இறந்தார். அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. பல பத்து வருடங்கள் உள்ளுக்குள் வெறுமையும் இருளுமாகவே இருந்திருக்கிறது, தேவன் அருகில் இருப்பதை உணரவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அதோடேயே காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். சிலர் அதைப் போலித்தனம் என்றார்கள். எனக்கு அது எமூனாவாகத்தான் தெரிகிறது.

இனி எனக்கு நிச்சயமில்லாத இடம். ஏன் உங்கள் கணவருக்கு? இதற்கு என்னிடம் பதில் இல்லை. தேவனே இதை அனுப்பினாரா, நடக்க அனுமதித்தாரா என்பதில் சபைப் பிரிவுகளுக்குள் பல நூற்றாண்டு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது, இரு பக்கமும் வசனம் உண்டு. நான் அனுமதித்தார் என்ற பக்கம் சாய்கிறவன், ஆனால் அதற்காக யாரோடும் சண்டை போட மாட்டேன். யோபுவுக்கே காரணம் சொல்லப்படவில்லை. நான்கு அதிகாரம் நீளத்துக்குக் கர்த்தர் பேசுகிறார், காட்டுக்கழுதையையும் தீக்குருவியையும் பற்றியெல்லாம் பேசுகிறார், ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான், பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தான். ஒரே சபை, ஒரே ராஜா. யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? மருத்துவர்கள் கைவிரித்த பிறகும் எழுந்து நடந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், சிலர்தான். அவர்களைவிட அதிகம் ஜெபித்தவர்களின் அடக்க ஆராதனையையும் நடத்தியிருக்கிறேன். இதில் ஒரு சூத்திரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. விசுவாசத்தைக் காட்டுவதற்காக மாத்திரையை நிறுத்து, டயாலிசிஸை விடு என்று யாராவது சொன்னால், அவர் எப்பேர்ப்பட்ட ஊழியராக இருந்தாலும் கேட்காதீர்கள். டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எசேக்கியா ராஜாவைக் குணமாக்குவேன், இன்னும் 15 வருடம் கூட்டித் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்கும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் கையில். அதேபோல ஜெபத்துக்குக் காணிக்கை நிர்ணயிக்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வருமானம் நின்றுபோன வீட்டின் பணம் அது.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது அவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கமல்ல. தூக்கம். அப்புறம் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார், தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் கழித்து. நீங்கள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள்? நான் மருத்துவன் அல்ல. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், அழுகை நிற்காமல், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்துபோனால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லுங்கள். எலியாவே கேட்ட சாவு அது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகத்தோடு கெஞ்சுகிறவரிடம் இல்லை என்று சொல்லி, பிறகு உதட்டை நனைக்க ஒரு துண்டு ஐஸ் கொடுத்து, அதையும் கணக்கில் எழுதுகிறீர்களே, இரண்டு வருடமாக. அதைவிடப் பெரிய சாட்சி எதுவும் உங்களிடமிருந்து எதிர்பார்க்கப்படவில்லை என்றே நினைக்கிறேன். மேடையில் ஏறிச் சாட்சி சொல்லச் சொன்னால், இப்போது முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கோபம் வருகிற இந்த நாட்களுக்கு 13ஆம் சங்கீதத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். மனதுக்குள் வாசிக்க வேண்டாம், வாய்விட்டு வாசியுங்கள், அந்த நான்கு "எதுவரைக்கும்"களையும் எவ்வளவு கோபத்தோடு சொல்ல வருகிறதோ அவ்வளவு கோபத்தோடு சொல்லுங்கள். ஐந்தாம் வசனத்தில்தான் கிருபையின்மேல் நம்பிக்கை என்று வரும். அது வாயில் வராவிட்டால் நான்கோடு நிறுத்திவிடுங்கள். சபையில் உங்களுக்குப் பாடம் நடத்தாத ஒருவராவது இருப்பார். மிச்சம் இரண்டு வசனத்தையும் உங்களுக்காக அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.